யூதனேசியா: ஒரு நல்ல சொல் கொலைக்கு முகமூடியான கதை

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ‘யூதனேசியா’ என்ற சொல் தமிழில் எழுதும்போது ‘யூத’ என்று தொடங்குவதாலும், நாஜிகளைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருவதாலும், இதை யூதர்களோடு சேர்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. சொல்லளவில் அப்படி எந்த உறவும் கிடையாது. இது கிரேக்கச் சொல். ‘யூ’ என்றால் நல்ல, ‘தனாடோஸ்’ என்றால் சாவு.

நல்ல சாவு. அவ்வளவுதான் பழைய பொருள். “யாருக்கும் பாரமா இல்லாம, படுக்கையில கிடக்காம போய்ச் சேந்துடணும்” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அதே வேண்டுதல். ரோமப் பேரரசர் அகஸ்டஸ், யாராவது அவதிப்படாமல் இறந்தார்கள் என்று கேள்விப்பட்டால், தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் அப்படிப்பட்ட யூதனேசியா கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வாராம். அவர் வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் தரும் தகவல் இது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ் பேக்கன் இந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். பிழைக்க வழியில்லாத நோயாளியின் வேதனையைத் தணித்து அனுப்பிவைப்பதும் வைத்தியரின் வேலைதான் என்றார். நோயாளி கேட்டுக்கொண்டால் உயிரையே முடித்துவிடலாமா என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் வந்து ஒட்டிக்கொண்டது.

இதுவரை சொல்லின் நடுவில் இருந்தவர் நோயாளி. அவருடைய வலி, அவருடைய விருப்பம். 1920-இல் ஜெர்மனியில் வெளியான ஒரு சிறு நூல் அவரை அங்கிருந்து அப்புறப்படுத்தியது. எழுதியவர்கள் இருவர்: சட்டப் பேராசிரியர் கார்ல் பிண்டிங், மனநல மருத்துவப் பேராசிரியர் ஆல்ஃப்ரெட் ஹோஹே. ‘வாழத் தகுதியற்ற உயிர்’ என்ற தொடர் அந்த நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. மருத்துவமனைகளில் நெடுநாள் கிடக்கும் மனநோயாளிகளை வெறும் பாரம் என்றார் ஹோஹே. அவர்களுக்குச் சோறு போட நாட்டுக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் பார்த்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வர அப்போது இன்னும் 13 ஆண்டுகள் இருந்தன. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், நாஜிகள் மருத்துவர்களைக் கெடுத்தார்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது என்பதுதான். யோசனையை எடுத்துக் கொடுத்ததில் மருத்துவத் துறைக்கும் பங்கு உண்டு.

1939 அக்டோபரில் ஹிட்லர் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார். தேதியை மட்டும் பின்னுக்குத் தள்ளி, போர் தொடங்கிய நாளான செப்டம்பர் 1 என்று போட்டுக்கொண்டார்கள். குணப்படுத்த முடியாதவர்கள் என்று கருதப்படும் நோயாளிகளுக்கு ‘க்னாடன்டோட்’ வழங்கக் குறிப்பிட்ட மருத்துவர்களின் அதிகாரத்தை விரிவாக்கும் பொறுப்பு, ஹிட்லரின் தனி அலுவலகத் தலைவர் பிலிப் பூலர், ஹிட்லரின் மருத்துவர் கார்ல் பிராண்ட் ஆகிய இருவருக்கும் தரப்படுகிறது என்பது அதன் சாரம். க்னாடன்டோட் என்றால் கருணை மரணம். பெர்லினில் டியர்கார்டன் தெரு 4-ஆம் எண் கட்டடத்திலிருந்து வேலை நடந்தது. அந்த முகவரியை வைத்தே பின்னாளில் இந்தத் திட்டத்துக்கு ‘டி4’ என்ற பெயர் நிலைத்தது.

நடந்த விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மனநல மருத்துவமனைகளுக்கெல்லாம் ஒரு படிவம் போனது. என்ன நோய், எத்தனை ஆண்டாக இருக்கிறார், வேலை செய்ய முடியுமா, என்ன இனம், யாராவது தவறாமல் பார்க்க வருகிறார்களா என்று கேள்விகள். நிரப்பி அனுப்பிய படிவத்தை மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள். படிவத்தைத்தான் பார்ப்பார்கள், ஆளை அல்ல. அதிலுள்ள கட்டத்தில் சிவப்புப் பென்சிலால் கூட்டல் குறி போட்டால் சாவு, நீலப் பென்சிலால் கழித்தல் குறி போட்டால் உயிர். சிவப்புக் குறி விழுந்தவர்களைச் சாம்பல் நிறப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிராஃபனெக், பிராண்டன்பர்க், ஹார்ட்ஹைம், சோனன்ஸ்டைன், பெர்ன்பர்க், ஹடமார் என்று ஆறு இடங்கள். குளியலறை போல ஜோடித்த அறைக்குள் அவர்களை அடைத்துக் கார்பன் மோனாக்சைடைத் திறந்துவிட்டார்கள். குழாயைத் திருகுவது மருத்துவரின் வேலை என்று விதியே வைத்திருந்தார்கள். அப்புறம் வீட்டுக்கு ஓர் இரங்கல் கடிதமும் பொய்யான இறப்புச் சான்றிதழும் போகும். எப்போதோ குடல்வால் எடுக்கப்பட்டவர் குடல்வால் அழற்சியால் இறந்ததாகச் சான்றிதழ் வந்த குடும்பங்கள் உண்டு.

1941 ஆகஸ்ட் வரை இந்த ஆறு இடங்களில் கொல்லப்பட்டவர்கள் 70,273 பேர். இந்த எண்ணை எழுதி வைத்தவர்களே கொன்றவர்கள்தான். ஹார்ட்ஹைமில் கிடைத்த அவர்களுடைய புள்ளிவிவர ஏட்டில் இறந்தவர்கள் ‘கிருமிநீக்கம் செய்யப்பட்டவர்கள்’ என்று பதிவாகியிருக்கிறார்கள். இவர்களுக்குச் சோறு போட வேண்டியில்லை என்பதால் பத்தாண்டில் எவ்வளவு மிச்சம் என்ற கணக்கும் அதே ஏட்டில் இருக்கிறது. கருணை என்ற பேச்சை நம்ப நினைக்கிறவர்கள் அந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கட்டும்.

1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் நகர ஆயர் கிளெமென்ஸ் ஃபான் காலன் இதைக் கொலை என்று சொல்லி வெளிப்படையாகப் பிரசங்கம் செய்தார். அந்த மாதக் கடைசிக்குள் விஷவாயு நிறுத்தப்பட்டது. கொலை நிற்கவில்லை. மருத்துவமனைகளிலேயே பட்டினி போட்டும், மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தும் தொடர்ந்தார்கள். டி4 ஆட்கள் பலர் போலந்தில் அமைந்த யூத ஒழிப்பு முகாம்களுக்குப் போனார்கள். டிரெப்ளிங்கா முகாமின் முதல் தளபதி இர்ம்ஃபிரிட் ஏபர்ல் ஒரு மருத்துவர். கௌஃப்பாய்ரன் நகரில் அமெரிக்கப் படை வந்திறங்கி, போரும் முடிந்து மூன்று வாரம் ஆன பிறகு, 1945 மே 29 அன்று, அங்கிருந்த மருத்துவமனையில் நான்கு வயதுப் பையனைக் கொன்றார்கள். யார் உத்தரவும் அப்போது இல்லை. எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் பேர் வரை கொல்லப்பட்டதாக வரலாற்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

மறுத்திருக்க முடியாதா? முடிந்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழக மனநல மருத்துவப் பேராசிரியர் காட்ஃபிரிட் ஏவால்ட் 1940-இல் டி4 கூட்டத்துக்கு அழைக்கப்பட்டு, முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு வந்தார். அவர் பதவி போகவில்லை. அதனால்தான் ‘மருத்துவர்களும் உடந்தை’ என்ற வழக்கமான வாக்கியம் எனக்குப் போதவில்லை. உடந்தை என்பது பக்கத்தில் நின்றவனுக்குச் சொல்வது. இவர்கள் குறி போட்டவர்கள், குழாயைத் திருகியவர்கள்.

கணக்குத் தீர்த்தது அரைகுறையாகத்தான். நியூரம்பர்க் மருத்துவர் வழக்கு 1946 டிசம்பரில் தொடங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 23 பேரில் 20 பேர் மருத்துவர்கள். ஏழு பேர் தூக்கிலிடப்பட்டார்கள். பிராண்ட் அவர்களில் ஒருவர். பரிவினால் செய்தோம் என்றுதான் அவர் கடைசி வரை வாதாடினார். படிவங்களைப் பார்த்துத் தீர்ப்பிட்டவர்களில் தலைமை ஆளான வெர்னர் ஹைடே, ஃபிரிட்ஸ் சவாடே என்று பெயரை மாற்றிக்கொண்டு, நீதிமன்றங்களுக்கு மருத்துவ அறிக்கை எழுதிக் கொடுத்து வாழ்ந்தார். 1959-இல்தான் அம்பலப்பட்டுச் சரணடைந்தார்; 1964-இல் விசாரணை தொடங்கும் முன் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். வியன்னாவின் ஸ்பீகல்குருண்ட் மருத்துவமனையில் கொல்லப்பட்ட குழந்தைகளின் மூளைகளை வைத்து, அங்கே மருத்துவராக இருந்த ஹைன்ரிஹ் குரோஸ் பல ஆண்டுகள் ஆய்வுக் கட்டுரை எழுதினார்; 1975-இல் அரசு விருதும் வாங்கினார். அந்தக் குழந்தைகளின் எச்சங்கள் மண்ணுக்குப் போனது 2002-இல். ஜெர்மானிய மனநல மருத்துவர் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2010-இல், ஜெர்மானிய மருத்துவர் பேரவை 2012-இல்.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? கிரேக்க வேரை ஒட்டிய சொல் ‘நற்சாவு’. வலி தணித்து அனுப்பும் பழைய பொருளுக்கு அது பொருத்தம். பத்திரிகைகளில் நிலைத்திருப்பது ‘கருணைக்கொலை’. கலெக்டர் ஆபீஸில் “எங்களைக் கருணைக்கொலை செய்துவிடுங்கள்” என்று மனு கொடுக்கிற அளவுக்கு அது மக்கள் வாயில் புழங்குகிறது. கொலை என்ற உண்மையை மறைக்காத சொல் என்பதால் எனக்கு அதன்மேல் குறையில்லை. ஆனால் நோயாளியே கேட்டு, மருத்துவர் ஊசி போட்டு முடிப்பதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது அது அல்ல. அதற்கு ‘உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துதல்’ என்று நீட்டி எழுதுவதே நல்லது. ஜெர்மானியர்கள் இன்று தங்கள் நாட்டு விவாதத்தில் இந்தக் கிரேக்கச் சொல்லைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ‘ஸ்டெர்பஹில்ஃப’, அதாவது சாவதற்கு உதவி, என்கிறார்கள்.

நாஜி மருத்துவர்கள் செய்ததற்கு ‘கருணைக்கொலை’ என்று எழுதவே கூடாது. அங்கே கேட்டவர் யாருமில்லை, கருணையும் இல்லை. ஜெர்மானிய வரலாற்று ஆய்வாளர்கள் ‘கிராங்கன்மோர்ட்’ என்கிறார்கள். தமிழில் ‘நோயாளர் படுகொலை’ என்று நேராக எழுதலாம். நாஜி ஆவணத்தை அப்படியே எடுத்துக்காட்டும் இடத்தில் மட்டும் யூதனேசியாவை மேற்கோள் குறிக்குள் போட்டு, அது கொன்றவர்கள் வைத்த பெயர் என்று பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.