மாடஸ்டி: சொல்லும் அதற்குரிய தமிழும்

கிறிஸ்தவ சபை அறிவிப்புகளிலும் வாலிபர் கூட்டங்களிலும் ‘மாடஸ்டி’, ‘மாடஸ்ட் டிரெஸ்’ என்ற சொற்கள் இன்று சர்வசாதாரணம். கேட்டவுடன் மனத்தில் வருவது கையின் நீளம், கழுத்தின் இறக்கம், துப்பட்டா. அதுவும் பெண்களுக்கு மட்டும். ஆனால் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும், பெண்கள் ‘தகுதியான வஸ்திரத்தினால்’ தங்களை அலங்கரிக்க வேண்டும் என்னும் 1 தீமோத்தேயு 2:9-இல் (பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம்) கைநீளம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘மோதுஸ்’ என்றால் அளவு. ‘மொதெஸ்தியா’ என்றால் அளவறிந்து நடத்தல். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமம் இந்த வசனத்தில் ‘மாடஸ்ட்’ என்று எழுதியபோது அளவு என்ற பொருள் அச்சொல்லில் உயிரோடு இருந்தது. உடலை மறைப்பது என்ற பொருள் பிற்காலத்தில்தான் மேலோங்கியது.

பவுலின் நிருபத்தில், கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘கோஸ்மியோஸ்’. அது ‘கோஸ்மோஸ்’ என்பதிலிருந்து பிறந்தது. கோஸ்மோஸ் என்றால் ஒழுங்கு, அலங்காரம், ஒழுங்காக அமைந்த உலகம் என மூன்றும் உண்டு. யோவான் 3:16-இல் தேவன் அன்புகூர்ந்த ‘உலகம்’ இந்தச் சொல்தான். 1 பேதுரு 3:3-இல் பெண்களின் ‘அலங்காரம்’ என்று வருவதும் இதே சொல்தான். காஸ்மெட்டிக் என்று கடையில் கேட்டு வாங்குவதும் இந்த வேரில் வந்ததே. ஒழுங்கையும் நகையையும் ஒரே சொல் சுமப்பது தமிழருக்குப் புதிதல்ல. நம்மிடம் ‘அணி’ இருக்கிறது: படை அணிவகுக்கிறது, மணப்பெண் நகை அணிகிறாள். பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியத்திலும் கோஸ்மோஸின் வினைவடிவம் போர்வீரரை வரிசையில் நிறுத்துவதற்கு வருகிறது.

புதிய ஏற்பாட்டில் கோஸ்மியோஸ் இரண்டே இடங்களில் உள்ளது. முதலாவது, பெண்களின் ‘தகுதியான வஸ்திரம்’. இரண்டாவது, அடுத்த அதிகாரத்தில் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவருக்கு, வேண்டிய தகுதிகளுள் ஒன்று (3:2). அங்கே நம் பழைய மொழிபெயர்ப்பு ‘யோக்கியதையுள்ளவன்’ என்கிறது. பெண்ணின் உடைக்கும் ஆணின் நடத்தைக்கும் பவுல் வைத்தது ஒரே அளவுகோல். தமிழில் அது இரண்டு சொல்லாகப் பிரிந்ததால் வாசிப்பவருக்கு அந்த உறவு தெரிவதில்லை. மாடஸ்டி பெண்களுக்கு மட்டுமான பாடமாகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

2:9 விலக்கும் பொருள்களைப் பாருங்கள்: பின்னிய மயிர், பொன், முத்து, விலையேறப்பெற்ற வஸ்திரம். நான்கும் பணத்தைக் காட்டுபவை. ரோமப் பெருமாட்டி லொல்லியா பவுலினா ஒரு சாதாரண நிச்சயதார்த்த விருந்துக்கு மரகதமும் முத்தும் இழைத்து வந்ததாகவும், அவற்றின் மதிப்பு 4 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) என்றும் ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அக்காலப் படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். ஏறத்தாழ 44,000 வீரரின் ஓராண்டுச் சம்பளம் ஒருத்தியின் தலையிலும் கழுத்திலும் காதிலும். ரோமுக்குச் சென்ற முத்துகளில் பாண்டியரின் கொற்கைக் கடலில் குளித்தெடுத்தவையும் உண்டு. ஆகவே அந்த வசனத்தின் ‘முத்து’ நமக்குத் தூரத்துப் பொருளல்ல.

இனி தமிழ்ச் சொல். ‘அடக்கம்’ மனநிலைக்குப் பொருந்தும், உடைக்கு முழுமையாகப் பொருந்தாது. சபை வழக்கில் அது கல்லறை அடக்கத்தையும் குறிக்கிறது. ‘நாணம்’ அதே வசனத்தில் அடுத்து வரும் ‘ஐடோஸ்’ என்ற வேறொரு சொல்லுக்கு உரியது. அதைப் பெண்ணின் கூச்சம் என்று கொள்வதும் பிழை. தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்டிரின் நாணம் வேறு என்று வள்ளுவர் குறள் 1011-இலேயே பிரித்துவிட்டார். 1014-இல் ‘அணிஅன்றோ நாணுடைமை சான்றோர்க்கு’ என்கிறார். பவுலின் வசனத்துக்கு இதைவிட நெருங்கிய தமிழ் வரி கிடைப்பது அரிது.

‘மானம்’ என்பதும் உண்டு. திருவிதாங்கூரில் மார்பை மறைக்கும் உரிமைக்காகச் சாணார் (இன்று நாடார்) பெண்கள், அவர்களுள் பலர் கிறிஸ்தவர்கள், போராடிய தோள்சீலைக் கலகத்தில் துணி என்பது மானமே. 1859 ஜூலை 26 அன்று வந்த அரச ஆணைகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற வரம்போடுதான் அனுமதித்தது. அந்த வரலாறு தெரிந்தவர்கள் உடலை மறைப்பதை அற்பமாகப் பேச மாட்டார்கள். ஆனால் அது கோஸ்மியோஸ் அல்ல.

கோஸ்மியோஸுக்கு ‘சீர்’ என்பதே சரி. சீரில் ஒழுங்கு இருக்கிறது, அழகு இருக்கிறது, யாப்பில் வரும் சீரில் அளவும் இருக்கிறது. மாடஸ்டி ‘சீர்மை’; மாடஸ்ட் டிரெஸ் ‘சீரான உடை’. ‘சீரான உடை, சீரான நடை’ என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேரச் சொல்லலாம்.

அறிவிப்பு எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மறைப்பைப் பற்றிச் சொல்வதானால் மறைப்பு என்றே சொல்லுங்கள். முழுக்கு ஞானஸ்நானத்துக்கு ‘மாடஸ்ட்டாக வரவும்’ என்றால் மெல்லிய வெள்ளைப் பருத்தியில் வந்து நிற்பார்கள். நனைந்தால் அது ஒட்டிக்கொண்டு உள்ளே தெரியும், பாவாடை நீரில் மிதந்து மேலெழும். ‘தடித்த துணி, உள்ளாடைக்கு மேல் இன்னொரு அடுக்கு, மாற்றுத்துணி, துண்டு’ என்று எழுதினால் குழப்பமில்லை. திருமணத்தில் ஆடம்பரத்தைக் குறைக்கச் சொல்வதானால் அங்கேதான் ‘சீரான உடை’. கூடவே சேலை விலைக்கும் சவரன் கணக்கிற்கும் சபை வைத்திருக்கும் வரம்பையும், மாப்பிள்ளையின் கோட்டுக்கும் அதே வரம்பு உண்டு என்பதையும் எழுதிவிடுங்கள்.