மெஷின் ஓடுது, கடை மட்டும் ஏன் நடக்குது?

இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை மில்லுல எங்க மாமா ரொம்ப வருஷம் ஃபிட்டரா இருந்தாரு. மெஷின் ரிப்பேர் முடிஞ்சுச்சான்னு கேட்டா "ஆ, ஓடுது ஓடுது"ம்பாரு, பக்கத்துல நிக்கிற மலாய் போர்மேன் அதே மெஷினப் பாத்து "ஜாலான், ஜாலான்"ம்பாரு, ஜாலான்னா நடக்கிறது. மெஷினோட வந்த இங்கிலீஷ் புக்ல "ரன்னிங்". அதாவது தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஓடுற மெஷின் மலாய்ல நடக்குது, ஆனா அது போல்ட் போட்டு இறுக்கின எடத்த விட்டு ஒரு இன்ச்கூட நகர்ந்ததில்ல லா.

இது ஞாபகம் வந்தது ட்யூஷன்ல. எஸ்பிஎம் பரீட்சைக்குப் படிக்கிற ஒரு பிள்ள, "ரன்னுனா ஓடுறதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க, அப்ப ஹீ ரன்ஸ் எ ஷாப்னா கடைய எடுத்துக்கிட்டு ஓடுறானா?"ன்னு கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு உடனே பதில் வரல.

இந்த ரன் சாதாரண ஆளு இல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட 1989 பதிப்புல "செட்"ங்கிற சொல்லுக்குத்தான் ஆக நீளமான விளக்கம் இருந்துச்சு. அப்புறம் திருத்தம் செய்ய ஆரம்பிச்சாங்க, 2000ல "மேக்" முந்திச்சு, 2007ல "புட்" முந்திச்சு, 2011ல ரன் எல்லாத்தையும் தாண்டிருச்சு. வினைச்சொல்லா மட்டும் 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர்னு அங்க வேலை பாத்த அகராதி ஆசிரியர் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஒன்பது மாசத்துக்கு மேல உக்காந்திருக்காரு, அதுவே ஒரு பிள்ளைப்பேறு மாதிரிதான்.

ஆனா 645ன்னு கேட்டு பயந்துறக் கூடாது, அது 645 தனித்தனி சரக்கு இல்ல. பழைய ஜெர்மானிய மொழிகள்ல இந்தச் சொல்லோட முன்னோடிக்கு ஓடுறது, தண்ணி வழியிறது ரெண்டும் அர்த்தமா இருந்துச்சு, இன்னிக்கும் ஜெர்மன்ல அதோட சொந்தக்காரச் சொல் "ரின்னென்" தண்ணி வழியிறதுக்குத்தான் வருது. அதனாலதான் இங்கிலீஷ்காரனுக்கு மூக்கு "ரன்" ஆகுது, நமக்கு ஒழுகுது. துணியில சாயம் போனாலும் ரன், பைப்புல தண்ணி வந்தாலும் ரன். நிக்காம போய்க்கிட்டே இருக்கிறதுங்கிற படம் ஒண்ணு மனசுல விழுந்தாச்சுன்னா அதுலேர்ந்து ரயில், ரயில்லேர்ந்து மெஷின், மெஷின்லேர்ந்து கம்ப்யூட்டர் புரோகிராம்னு கிளை விட்டுக்கிட்டே போகும், கடைசிக் கிளையில நிக்கிறவனுக்கு வேர் எங்கன்னே தெரியாது. ஒரே சொல்லுல இப்படிச் சம்பந்தப்பட்ட பல அர்த்தம் இருக்கிறதுக்கு 19ஆம் நூற்றாண்டு கடைசியில மிஷெல் பிரேயால்ங்கிற பிரெஞ்சு மொழியியலாளர் "பாலிசெமி"ன்னு பேரு வச்சாரு.

இப்ப அந்தப் பிள்ள கேட்ட கடைக்கு வருவோம். நாம கடைய நடத்துறோம். நடத்துன்னா என்ன, நடக்க வைக்கிறது. மலாய்ல வியாபாரத்த "மென்ஜாலான்கான்" பண்றாங்க, அதுவும் ஜாலான்லேர்ந்து வந்ததுதான், அதுவும் நடக்க வைக்கிறதுதான். இங்கிலீஷ்காரன் மட்டும் கடைய ஓட வைக்கிறான். நம்மகிட்டயும் ஓட்டம் இல்லாம இல்ல, கையில காசு இல்லாதப்ப "ஏதோ பொழப்ப ஓட்டுறோம்"னுதான் சொல்றோம், அப்ப நடத்துறோம்னு சொல்ல வாய் வராது. எலெக்‌ஷனுக்கு அமெரிக்காக்காரன் "ரன்" பண்றான், அதே இங்கிலீஷ் பேசுற பிரிட்டன்காரன் "ஸ்டாண்ட்" பண்றான், நம்ம ஆளும் நிக்கத்தான் செய்றாரு. எந்த மொழி எந்தக் கால் வேலைய எதுக்குக் கடன் வாங்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. எனக்கு இதுல பிடிச்ச விஷயமே இதுதான்.

சரி, இவ்வளவு சுமைய ஏன் ஒரே சொல் தலையில வைக்கணும்? ஜார்ஜ் ஜிஃப்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1945லயே கணக்குப் போட்டுப் பாத்தாரு, ஒரு சொல் எவ்வளவு அதிகமா பேச்சுல வருதோ அதோட வர்க்கமூலத்துக்கு ஏத்தமாதிரி அர்த்தமும் கூடும்னு, அதாவது 100 மடங்கு அதிகமா புழங்குற சொல்லுக்குச் சுமாரா 10 மடங்கு அர்த்தம். சின்னதா, வாய்க்கு ஈசியா இருக்கிற சொல்லத்தான் திரும்பத் திரும்ப வேலைக்கு அனுப்புறோம். தமிழ்ல "போடு" இல்லையா, சட்டை போடு, தே தாரிக் போடு, சண்டை போடு, கையெழுத்து போடு, பாவம் அதுக்கு லீவே கிடையாது.

குழப்பம் வரலையான்னா, வருது, ஆனா நமக்குத் தெரியிறதுக்குள்ள தீந்துருது. டேவிட் ஸ்வின்னின்னு ஒரு உளவியல் ஆய்வாளர் 1979ல ஒரு சோதனை செஞ்சாரு. "பக்"ங்கிற சொல்லுக்குப் பூச்சின்னும் அர்த்தம், ஒட்டுக்கேக்குற கருவின்னும் அர்த்தம். பூச்சியப் பத்தின பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அந்தச் சொல் காதுல விழுந்த உடனே திரையில ஒரு சொல்லக் காட்டுனா, "எறும்பு"ங்கிறதும் சட்டுனு புரிஞ்சுச்சு, அந்தப் பேச்சுக்குச் சம்பந்தமே இல்லாத "உளவாளி"யும் சட்டுனு புரிஞ்சுச்சு. ஒரு மூணு அசை தள்ளிக் காட்டுனா எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். அதாவது மூளை முதல்ல ரெண்டு கதவையும் திறந்துட்டு, ஒரு செகண்டுக்குள்ள வேண்டாதத சாத்திருது.

அந்தச் சாத்துற வேலைக்கு அக்கம்பக்கம் தெரிஞ்சிருக்கணும். எங்க பாட்டி எஸ்டேட்ல முப்பது வருஷம் மரம் வெட்டுனவங்க. இங்க மரம் வெட்டுறதுன்னா ரப்பர் மரத்துப் பட்டையச் சீவி பால் எடுக்கிறது, வேற யாருக்கும் வேற எதுவும் தோணாது. ஒரு தடவ தமிழ்நாட்டுச் சொந்தக்காரர் ஒருத்தர் போன்ல "என்ன வேலை பாத்தீங்க ஆத்தா?"ன்னு கேட்டாரு. "மரம் வெட்டுனேன்யா, ஒரு நாளைக்கு நானூறு ஐநூறு மரம்"னாங்க. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா, "தனியாவா ஆத்தா?"

"பின்ன, காலையில பத்து மணிக்கெல்லாம் வெட்டி முடிச்சிருவேன்"னுட்டாங்க பாட்டி.