பல் எனாமலில் லேசர் பட்டால் என்ன ஆகிறது?

நம் உடம்பிலேயே கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல்தான். எடையில் 96 சதவீதம் கனிமம். ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் படிகங்கள், சுமார் 5 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தண்டுகளாக நெருக்கியடித்து நிற்கின்றன. மீதி 4 சதவீதத்தில் பெரும்பகுதி நீர், கொஞ்சம் புரதம். பல்லை வெட்ட இன்று பெரிதும் புழங்கும் எர்பியம் லேசர் எனாமலை வெட்டுவதே இந்தச் சொற்ப நீரை வைத்துத்தான்.

முதல் லேசர் 1960ல் எரிந்தது. நான்கே ஆண்டில், 1964ல், கலிஃபோர்னியாவில் ஸ்டெர்ன், சோக்னஸ் என்ற ஆய்வாளர்கள் ரூபி லேசரைப் பல்லில் பாய்ச்சிப் பார்த்துவிட்டார்கள். எனாமல் கண்ணாடிபோல உருகிக் குழி விழுந்தது. மறு ஆண்டு தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன், உயிருள்ள மனிதப் பல்லில் அதே லேசரைப் பாய்ச்சினார். வலியில்லை. ஆனாலும் அந்த வழி நெடுங்காலம் சிகிச்சைக்கு உதவவில்லை. காரணம் அலைநீளம். ரூபியின் 694 நானோமீட்டர் சிவப்பு ஒளியை எனாமல் சரியாக உறிஞ்சுவதில்லை. ஒளி உள்ளே ஊடுருவிப் பரவிப் பற்கூழைச் சுடும். பற்கூழ் என்பது நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள பகுதி. அது வெந்துவிட்டால் பல் செத்துவிடும்.

ஆகவே எனாமல் எந்த ஒளியை விழுங்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எர்பியம் யாக் லேசரின் அலைநீளம் 2940 நானோமீட்டர். நீர் மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளமும் ஏறத்தாழ அதுவே. எனாமலில் இந்த ஒளி 12 மைக்ரோமீட்டர் ஆழம் போவதற்குள் பெரும்பகுதி அடங்கிவிடும். தலைமுடியின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997ல் இதைப் பல்லை வெட்ட அனுமதித்தது.

இந்த லேசர் தொடர்ந்து எரியாமல் துடிப்பு துடிப்பாகப் பாயும். ஒரே ஒரு துடிப்பை மட்டும் எடுத்துப் பார்ப்போம். அது நீடிப்பது சில நூறு மைக்ரோ நொடிதான். படிகங்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் நீர் அந்த நேரத்துக்குள் கொதித்து ஆவியாகிறது. ஆவிக்கு வெளியேற வழியில்லை. அழுத்தம் ஏறி, சுற்றியுள்ள கனிமம் துகள்களாக வெடித்துத் தெறிக்கிறது. கனிமம் உருகும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே இது நடந்துவிடும். காதில் விழும் 'டப்' ஓசை இந்த வெடிப்புதான். துடிப்பு பட்ட இடத்தில் சுண்ணாம்புபோல வெளுத்த, செதில் செதிலான சிறு குழி நிற்கும்.

சொத்தையில் நல்ல எனாமலைவிட நீர் அதிகம். அதனால் குறைந்த ஆற்றலிலேயே அது கழன்று போகும். நல்ல எனாமலில் ஓசை கணீரென்றும் சொத்தையில் மந்தமாகவும் வரும். பழகிய கை அதைக் கேட்டே இடத்தைக் கண்டுகொள்ளும்.

எனாமலை வெட்ட ஒரு துடிப்புக்கு 200 முதல் 300 மில்லிஜூல், நொடிக்கு 10 முதல் 20 துடிப்பு என்பது வழக்கமான அளவு. கருவிக்குக் கருவி மாறும். எனாமலுக்கு அடியிலுள்ள பல் அடுக்கான டென்டினில் நீர் அதிகம் என்பதால் அங்கே வந்ததும் ஆற்றலைக் குறைத்தே தீர வேண்டும். லேசர் முனையை ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

வெட்டும்போது கூடவே பல்லில் நீரும் தெளிப்பார்கள். தவறு பெரும்பாலும் இந்த நீர்த்தெளிப்பில்தான் நேர்கிறது. தெளிப்பு நின்றால் மேற்பரப்பு காய்ந்து, துகள்கள் குழியிலேயே படிந்து உருகும். வெட்டும் வேகம் சரியும், கருகல் தெரியும், சூடு உள்ளே இறங்கும். அதிகமாகப் பாய்ச்சினாலோ தேங்கிய நீரே ஆற்றலை விழுங்கிவிட, பல்லில் வேலை நடக்காது. பற்கூழ் தாங்கும் அளவு சின்னது. 1965ல் ஜாக், கோஹன் இருவரும் ரீசஸ் குரங்குகளில் செய்த சோதனையில், கூழின் வெப்பம் 5.5 டிகிரி செல்சியஸ் ஏறியதும் 15 சதவீதப் பற்கள் மீளவில்லை. அந்த எல்லையைத்தான் இன்றும் எல்லோரும் மனத்தில் வைத்திருக்கிறார்கள்.

லேசர் பட்ட எனாமல் சொரசொரப்பாக இருப்பதால் அடைப்பு அதில் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று சொல்லக் கேட்கலாம். அதை நம்பி அமிலம் தடவாமல் விடுவது தவறு. அந்தச் சொரசொரப்புக்கு அடியில் நுண்விரிசல்களும் பாதி பெயர்ந்த செதில்களும் இருக்கின்றன. அடைப்பை ஒட்டும் பிசின் அவற்றைப் பிடித்துக்கொண்டால், மெல்லும்போது செதிலோடு பெயர்ந்து வரும். குழியின் விளிம்பைக் குறைந்த ஆற்றலில் ஒருமுறை சீராக்கி, 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை 15 முதல் 30 நொடி வைத்துக் கழுவிய பிறகே அடைக்க வேண்டும்.

வெட்டாமல் எனாமலை உறுதியாக்கவும் லேசரால் முடியும். அங்கே வேலை நீரிடம் இல்லை, பாஸ்பேட்டிடம். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 9.3, 9.6 மைக்ரோமீட்டர் அலைகளைப் பாஸ்பேட் அப்படியே உறிஞ்சிவிடுகிறது. ஒளி இறங்கும் ஆழம் 2 மைக்ரோமீட்டருக்குள். நம் எனாமல் படிகத்தில் பாஸ்பேட் இருக்க வேண்டிய சில இடங்களில் கார்பனேட் உட்கார்ந்திருக்கிறது. அமிலம் முதலில் அரிப்பது அந்தப் பலவீனமான இடத்தைத்தான். எனாமலின் மேற்பரப்பை மட்டும் நொடிப்பொழுது 400 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் கார்பனேட் வெளியேறி, எஞ்சும் படிகம் அமிலத்துக்கு எளிதில் கரையாது. 1100 டிகிரியைத் தாண்டவிட்டால் கதை மாறிவிடும்: எனாமலைவிட எளிதில் கரையும் வேறு கால்சியம் பாஸ்பேட்டுகள் உருவாகின்றன. உறுதியாக்கப் போய் வலுவிழக்கச் செய்தது போலாகும்.

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு இதை வாயிலேயே சோதித்து 2011ல் வெளியிட்டது. பல்வரிசைச் சீரமைப்பு சிகிச்சைக்காகப் பிடுங்கவிருந்த முன்கடைவாய்ப் பற்களில், கம்பி மாட்டும் சிறு துண்டான பிராக்கெட்டை ஒட்டி, அதன் ஓரத்தில் 9.6 மைக்ரோமீட்டர் லேசர் பாய்ச்சினார்கள். லேசர் படாத எனாமலோடு ஒப்பிட, 12 வாரத்தில் கனிம இழப்பு 87 சதவீதம் குறைவு. பிராக்கெட்டைச் சுற்றி உணவு தங்கி வெள்ளைத் திட்டு விழுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். லேசருக்குப் பின் ஃப்ளோரைடு பூசினால் அதையும் எனாமல் கூடுதலாக ஏற்கிறது.

எல்லா வேலைக்கும் லேசர் ஆகாது. பாதரசம் கலந்த பழைய அமால்கம் அடைப்பின் மேல் பாய்ச்சினால் பாதரச ஆவி கிளம்பும். அதை எடுக்க ட்ரில்தான் வேண்டும். முழுப்பல் கேப்புக்காகச் செதுக்குவதற்கும் ட்ரில்லே வேகமானது. லேசர் எரியும்போது நோயாளி, மருத்துவர், உதவியாளர் மூவரும் அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியை அணிந்திருக்க வேண்டும். பல்லைப் பார்க்க வாயில் வைக்கும் உலோக முகக்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் கதிரும் கண்ணைக் கெடுக்கும்.