அரை அங்குலம் மூன்று அங்குலமாகும் இடம்

கணக்கு வராத பிள்ளையைத் தையலில் சேர்ப்பது எங்கள் கீழக்கரைப் பக்கத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. தேர்வு முடிவு வந்த கையோடு, "இவளுக்குக் கணக்கே ஏறவில்லை டீச்சர், தையலாவது கற்றுக்கொள்ளட்டும்" என்று தாய்மார் வந்து நிற்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொள்வேன். கணக்கிலிருந்து தப்பி வந்த பிள்ளை, சீக்கிரமே வட்டத்தில் மாட்டிக்கொள்ளும்.

குடைப் பாவாடையை எடுத்துக்கொள்வோம். அபாயாவில்கூட 'அம்பர்லா' மாடல் கேட்கிறார்கள்; இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். இடுப்பு 28 அங்குலம் என்றால், அந்த 28 ஒரு வட்டத்தின் சுற்றளவு. அதை 6.28 ஆல் (3.14இன் இரு மடங்கு) வகுத்தால் ஆரம் கிட்டத்தட்ட நாலரை அங்குலம். பாவாடையின் நீளம் 36 என்றால் வெளிவட்டத்தின் ஆரம் நாற்பதரை. 44 அங்குல அகலத் துணியில் முழு வட்டம் அடங்காது. ஆகவே 81 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக மடித்து, மடிப்பு கரையைத் தொடும் மூலையில் டேப்பின் நுனியை அழுத்திப் பிடித்து வளைவு போட வேண்டும். நாலேகால் மீட்டர் துணி போதும். அதில் கால் பங்குக்கு மேல் மூலைத் துண்டுகளாக மீதி விழும். அதைத் தையல்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கழுத்துக்குப் பட்டி வைக்க உதவும்.

கத்திரி சறுக்குவது இடுப்பு வளைவில்தான். ஆரம் நாலரைக்குப் பதில் ஐந்தாகிவிட்டால், இடுப்பு 28 அங்குலம் அல்ல, 31 அங்குலத்துக்கு மேல். அரை அங்குலப் பிசகு மூன்று அங்குலமாக வீங்குகிறது. இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. வேறு எங்கும் தையலுக்கென்று அரை அங்குலம் கூட்டித்தான் வெட்டுவோம். இங்கே ஆரத்தில் கழிக்க வேண்டும். நான்கில் வெட்டினால்தான் நாலரையில் தையல் உட்காரும். பழக்கதோஷத்தில் கூட்டி வெட்டிவிட்டு, "துணி இழுத்துக்கொண்டது" என்று துணியின் மேல் பழி போடுபவர்கள் நிறைய.

துணி இழுத்துக்கொள்வதும் உண்மைதான், ஆனால் வேறு இடத்தில். பாம்பனில் காயப்போட்டிருக்கும் மீன்வலையின் ஒரு சதுரக் கண்ணை மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள். நூல் ஒன்றும் நீளாது. சதுரம் சாய்சதுரமாகி, ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் ஒடுங்கும். நெடுக்கு இழையான பாவும் குறுக்கு இழையான ஊடையும் பின்னிய துணியும் அப்படித்தான். நேர் இழையில் விறைப்பாக இருப்பது, 45 பாகையில் 'கிராஸ்' வைத்தால் குழைந்து கொடுக்கும். பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் மதலின் வியோனே 1920களில் இந்தச் சாய்வு வெட்டை வைத்தே பெயர் பெற்றார். குடைப் பாவாடையின் கீழ் ஓரம் நான்கு இடங்களில் தொங்குவதும் இதனால்தான். ஒரு நாள் தொங்கவிட்டு, தரையிலிருந்து அளந்து சமன் செய்த பிறகே ஓரம் அடிக்க வேண்டும். அவசரம் என்று சொல்லி இந்த ஒரு நாளைப் பறிக்காதீர்கள்.

இதே இழைக் கணக்கைத்தான் ரஷ்யக் கணித மேதை செபிஷெவ் 1878இல் பாரிஸில் ஒரு சொற்பொழிவாகவே நிகழ்த்தினார். தலைப்பே ஆடை வெட்டுவது பற்றியது. இழையின் நீளம் மாறாது, இழைகளுக்கு இடையிலான கோணம் மட்டும் மாறும் என்று வைத்துக்கொண்டு, உருண்டையான பந்தின் மேல் துணி பொருந்த எப்படி வெட்டுவது என்று கணக்குப் போட்டார். நம் ஊர்க் கைலிக்கு அந்தத் தொல்லை இல்லை, அது வெறும் உருளை. தட்டைத் துணியைத் தோளிலும் மார்பிலும் சுருக்கமில்லாமல் உட்கார வைக்க வேண்டிய பிளவுஸுக்குத்தான் 'டாட்' பிடிக்கிறோம். ஓர் ஆப்பு வடிவத் துணியை மடித்து மறைத்தால் தட்டைத் துணி குவிந்த வடிவமாகிறது. அந்த ஆப்பின் அகலமும் நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். அளவு பிளவுஸ் ஒன்றை நீட்டி "இதேபோல" என்றால், அதிலிருக்கும் தப்பும் சேர்ந்தே வரும். ஆகவே உடம்பில் அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

தையல் கடைகளில் வெட்டுபவரைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். கூலியும் அவருக்கே கூடுதல். கணக்கை விட்டுவிட்டு மெஷினை மட்டும் மிதிக்கும் பெண், பிறர் வெட்டித் தரும் துண்டுக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால் மகளைச் சேர்க்க வரும் தாய்மாரிடம், பழைய கணக்குப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாமல் கொண்டுவரச் சொல்கிறேன். சுற்றளவு, கோணம், விகிதம் இவை இருந்தால் போதும். அல்ஜீப்ரா பக்கம் நான் போக மாட்டேன்.