பெரியவர்கள் வாயில் வெள்ளைப் படலம்: மருந்தோடு காரணத்தையும் தேடுங்கள்

"வாய்ப்புண்ணுக்கு பி காம்ப்ளெக்ஸ் போட்டேன் டாக்டர், கேட்கவில்லை" என்று வருகிறவர்களில் சிலருக்கு இருப்பது வாய்ப்புண்ணே இல்லை. நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டுகள் இருக்கும். பஞ்சால் துடைத்தால் உரிந்து வரும், அடியில் சிவந்திருக்கும். இது பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சை. துடைத்தும் போகாத வெள்ளைத் திட்டு வேறு சமாச்சாரம். அதுவும் புகையிலை போடுபவருக்கு என்றால் உடனே காட்ட வேண்டும்.

ஆரோக்கியமானவர்கள் பலருடைய வாயிலும் கேண்டிடா தொந்தரவு தராமல் இருக்கிறது. எச்சிலும், வாயிலுள்ள பாக்டீரியாக்களும், உடலின் எதிர்ப்பு சக்தியும் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தப் பிடி தளர்ந்தால்தான் பெருகும். கைக்குழந்தைக்கு இது வருவது சகஜம். பெரியவருக்கு வந்தால், ஏன் இப்போது வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். மருந்து தடவி, படலம் போனதும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

நான் முதலில் பார்க்கச் சொல்வது சுகர். ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே சிலருக்குத் தெரிகிறது. சுகர் கட்டுக்குள் வராதவரை பூஞ்சை திரும்பத் திரும்ப வரும். தேன் தடவுவதும் வேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.

அப்புறம் பல்செட். இரவும் கழற்றாமல் போட்டிருப்பவர்களுக்கு அதன் அடியில் அண்ணம் சிவந்துபோயிருக்கும். வலி இல்லாததால் தெரியாது. தூங்கும்போது கழற்றி, தேய்த்துக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்கள் ஒவ்வொரு முறை எடுத்த பிறகும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

கீமோ, கழுத்துப் பகுதியில் ரேடியேஷன், சிறுநீரக மாற்று என்றால் காரணம் தெரிந்ததே. எந்தக் காரணமும் பிடிபடாவிட்டால் எச்ஐவி பரிசோதனைக்கும் சொல்வேன். சங்கடப்பட ஒன்றுமில்லை. 1981 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்த, எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கையில் இருந்த 5 பேருக்குமே கேண்டிடா தொற்று இருந்தது. இங்கே அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் இந்தச் சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

சாதாரணமாக க்ளோட்ரிமசோல் வாய் மருந்தே போதும். படலம் மறைந்தாலும் சொன்ன நாள் வரை தடவுங்கள். மெடிக்கலில் நீங்களாக ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம், சுகர் மாத்திரையான கிளிமெபிரைடோடு சேர்ந்தால் சுகர் சட்டென்று இறங்கலாம். சில வாய்ப்புண் ஜெல்களில் ஸ்டீராய்டு உண்டு, அது பூஞ்சையை வளர்த்துவிடும்.

விழுங்கும்போது நெஞ்சில் வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம், மாத்திரை தேவைப்படும். இன்னொன்று, 2021 கொரோனா அலையில் நாம் பார்த்த கருப்புப் பூஞ்சை. இது வேறு வகை, மியூகார். சுகர் அதிகமுள்ளவருக்கு முகம் ஒரு பக்கம் மரத்து, மேல் பற்கள் ஆடி, அண்ணம் கறுத்தால் பல் பிடுங்கிக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.