சொல் நகர்ந்ததை அளப்பது எப்படி?

பழைய பத்திரிகைகளில் ஒரு சொல்லின் பொருள் மாறியிருப்பதைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதற்குத் தமிழ் தெரியுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தெரியாது. அகராதியைக்கூட அது புரட்டுவதில்லை. அக்கம்பக்கத்துச் சொற்களை எண்ணுகிறது, அவ்வளவுதான்.

'தந்தி'யை எடுத்துக்கொள்வோம். அருகில் வீணை, சுருதி, மீட்டு என்று வந்தால் அது கம்பி. லண்டன், ராய்ட்டர், அவசரம், தபாலாபீஸ் என்று வந்தால் அது செய்தி. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றது. அதற்குப் பிந்தைய இதழ்களில் அந்த இரண்டாம் கூட்டம் மெலிந்துதானே போகும்? ஒரு சொல்லை அதன் சேர்க்கையை வைத்து அறியலாம் என்று மொழியியலாளர் ஜே.ஆர். ஃபர்த் 1957-ல் எழுதினார். அதுதான் அடிப்படை. இந்த எண்ணிக்கைகளைச் சுருக்கி, ஒவ்வொரு சொல்லுக்கும் சில நூறு எண்கள் கொண்ட ஒரு திசையன், அதாவது ஒரு திசையைக் காட்டும் அம்பு, தருகிறார்கள். ஒத்த சூழலில் வரும் சொற்களின் அம்புகளுக்கு இடையே கோணம் சிறியது. பள்ளிக் கணக்குதான், தாண்டிவிடலாம்.

சிக்கல் இனிமேல்தான். 1920-களின் இதழ்களுக்கு ஒரு கணக்கு, 1960-களுக்குத் தனியாக இன்னொன்று போட்டால், இரண்டின் அச்சுக்கோடுகளும் வேறு வேறு திசையில் நிற்கும். எல்லாச் சொற்களையும் சேர்த்துச் சுழற்றினால் அவற்றுக்கு இடையிலான கோணங்கள் மாறுவதில்லை. ஆகவே கணினிக்கு எந்தத் திசையானாலும் ஒன்றுதான். வடக்கு குறிக்காத இரண்டு வரைபடங்கள் மாதிரி. இரண்டு காலத்துத் 'தந்தி' திசையன்களையும் நேரடியாக ஒப்பிட்டால் கிடைப்பது உளறல்.

இதற்கான தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு காலத்துக்கும் பொதுவான சொற்களை எல்லாம் எடுத்து, மொத்த இடைவெளி மிகக் குறைவாக வரும்படி ஒரு கூட்டத்தை மற்றொன்றின் மேல் சுழற்றுகிறார்கள். கை, மழை, பத்து போன்றவை கிட்டத்தட்ட பழைய இடத்திலேயே போய் விழும். விழாமல் தள்ளி நிற்பவைதான் மாறிய சொற்கள். நகர்ந்தவற்றைக் காட்டிக்கொடுப்பவை நகராத பெரும்பான்மை! இந்தச் சுழற்சிக் கணக்கை 1966-ல் பீட்டர் ஷோனமன் தீர்த்தார். விருந்தாளியைக் கட்டிலின் அளவுக்கு இழுத்தும் வெட்டியும் பொருத்திய கிரேக்கக் கதைக் கொள்ளையன் புரோக்ரஸ்டஸின் பெயர் இதற்கு உண்டு. ஆனால் இங்கே இழுக்கவும் வெட்டவும் அனுமதியில்லை, திருப்பலாம், புரட்டலாம், அவ்வளவே. இழுத்தால் கோணங்கள் கெட்டுவிடும்.

அப்புறம் ஒரு சோதனை உண்டு. அரிதாக வரும் சொற்கள், எண்ணுவதற்குப் போதிய வாக்கியங்கள் இல்லாததாலேயே நகர்ந்ததுபோலத் தெரியும். அதனால் எல்லா ஆண்டு வாக்கியங்களையும் கலைத்து, போலிப் பத்தாண்டுகளாகப் பிரித்து, கணக்கை மறுபடி போட வேண்டும். கலைத்தபின் கால வேறுபாடே இருக்காது. அப்போதும் சொல் அதே அளவு நகர்ந்தால் அது பொருள் மாற்றம் இல்லை, வெறும் தற்செயல் இரைச்சல். இதைச் செய்யாத ஆய்வை நான் நம்புவதில்லை.

தமிழில் வேலை இன்னும் கூடுதல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, ணை, னா, றா போன்றவற்றுக்கு வேறு வடிவங்கள். ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் அங்கே தடுக்கி விழுகிறது. தாளே அழிந்தும் வருகிறது: செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் அதை மஞ்சளாக்குகிறது. கூடவே இருக்கும் அமிலம் அதை நொறுக்குகிறது. ஆகவே புதுப்புது கணினி மொழி மாதிரிகளுக்குப் பணம் கொடுப்பவர்கள் முதலில் ஸ்கேன் செய்யக் கொடுக்க வேண்டும் என்பேன். சரி, எல்லாம் எழுத்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தந்தியடித்தார், தந்திமூலம், தந்தியொன்று என்று சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். எங்கே வெட்டுவது என்று விதி எழுதாவிட்டால் இந்த மூன்றும் கணினிக்கு மூன்று வேறு சொற்கள்.