நாய்ஸ் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இருட்டில் முக்காலியின் மேல் கேமராவை நிறுத்தி, ஷட்டரை நான்கு நிமிடம் திறந்து வைக்கிறோம். ஷட்டர் மூடிய பிறகும் கேமரா பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. நிக்கானில் ‘ஜாப் என்ஆர்’ என்ற எழுத்துகள் மின்னுகின்றன, கேனானில் ‘பிஸி’ என்று வருகிறது. இன்னும் நான்கு நிமிடம் போன பிறகே படம் திரைக்கு வருகிறது. கேமரா கெட்டுவிட்டதோ என்று பதறி பேட்டரியைக் கழற்றியவர்கள் உண்டு. அந்த ‘என்ஆர்’ என்பது நாய்ஸ் ரிடக்‌ஷன். நாய்ஸ் என்பது படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் வேண்டாத புள்ளிகள், அவற்றைக் குறைப்பதுதான் இது. மெனுவில் இந்த வசதியின் முழுப்பெயர் ‘லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்’. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘நீண்ட வெளிப்பாடு சத்தம் குறைத்தல்’ என்று எழுதினால் தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஒன்றுமே விளங்காது. ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எக்ஸ்போஷரில் இருந்து தொடங்கலாம். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘போனெரெ’ என்றால் வைத்தல். படலத்தை ஒளி படும்படி வெளியே வைப்பதுதான் பழைய பொருள். தமிழில் ‘வெளிப்பாடு’ என்றதும் உள்ளே இருப்பது வெளியே வருவதாகத்தான் மனத்தில் படும். இங்கே நடப்பது நேர்மாறு: வெளியே இருக்கும் ஒளி உள்ளே வருகிறது, கேமராவின் உணரி (சென்சார்) அதை வாங்கிக்கொள்கிறது. அதனால் எனக்கு ‘ஒளியேற்பு’தான் பொருத்தமாகத் தெரிகிறது. லாங் எக்ஸ்போஷர் ‘நெடுநேர ஒளியேற்பு’. நேரத்தை மட்டும் சொல்ல வேண்டுமானால் ‘ஒளிபடு நேரம்’ போதும்.

நாய்ஸ் அவ்வளவு எளிதாக மடங்காது. ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஆரவாரம், சச்சரவு என்று பொருள். அதற்கும் முன்னால் லத்தீன் ‘நௌசியா’வில் பிறந்தது என்பதே சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. நௌசியா என்றால் குமட்டல், அதிலும் கடற்பயணத்தில் வரும் குமட்டல். அது கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் ‘நௌஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. கப்பலில் குமட்டல், குமட்டலிலிருந்து கூச்சல் குழப்பம், கடைசியில் படத்தில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகள். நீண்ட பயணம்தான்.

காதுக்குரிய சொல் கண்ணுக்கு வந்தது மின்னணுவியல் வழியாக. 1918-ல் ஜெர்மன் இயற்பியலாளர் வால்ட்டர் ஷாட்கி, வெற்றிடக் குழாய்களில் மின்னோட்டம் சீராக ஓடாமல் தானாகவே ஏறி இறங்குவதை விளக்கினார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன், கடத்திகளில் வெப்பத்தால் எழும் அலைக்கழிப்பை அளந்தார்; ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். இருவரின் கட்டுரைகளும் வந்தது 1928-ல். பெருக்கியை ஒலிபெருக்கியோடு இணைத்தால் இந்த ஏற்ற இறக்கம் ‘உஸ்ஸ்’ என்று காதில் விழும். அதனால்தான் அதற்கு நாய்ஸ் என்று பெயர். பிறகு ஒலி இல்லாத இடத்திலும், அதாவது வேண்டிய குறிகையோடு (சிக்னல்) வேண்டாமல் கலந்து வரும் எந்த ஏற்ற இறக்கத்துக்கும், அதே பெயர் நிலைத்துவிட்டது. அதே பெல் ஆய்வகத்தில் 1969-ல் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்குறிகையாக மாற்றும் சிசிடி உணரியைக் கண்டுபிடித்தார்கள். படம் மின்குறிகையாக மாறியபோது நாய்ஸ் என்ற சொல்லும் கூடவே படத்துக்குள் புகுந்தது.

தமிழில் இதற்கு ஈடாகப் ‘புள்ளி’, ‘குருணை’, ‘சத்தம்’, ‘இரைச்சல்’ என்று பல சொற்கள் சொல்லப்படுகின்றன. குருணையை நான் படச்சுருளுக்கே விட்டுவிடுவேன். படச்சுருளில் தெரியும் ‘கிரெய்ன்’ உண்மையிலேயே பொருள். வெள்ளி மணிகள் அங்கே இருக்கின்றன. டிஜிட்டல் படத்தில் அப்படி எந்த மணியும் இல்லை. ‘சத்தம்’ வடமொழி ‘சப்த’த்தின் தமிழ் வடிவம், நல்ல சத்தம், கெட்ட சத்தம் இரண்டையும் அது குறிக்கும். இரைச்சல் அப்படியல்ல. ‘இரை’ என்ற வினைக்கு ஓயாமல் ஒலித்தல் என்று பொருள். கடல் இரைகிறது, மழை இரைகிறது என்கிறோம். எந்த ஒரு துளியின் ஒலியும் தனியாகக் கேட்காது, எல்லாம் சேர்ந்து நாம் கேட்க நினைக்கும் குரலை மூழ்கடித்துவிடும். இயற்பியல் சொல்லும் நாய்ஸ் அதேதான். தமிழ்ப் பொறியியல் நூல்களும் இரைச்சல் என்றே எழுதுகின்றன. கப்பலில் தொடங்கிய சொல்லுக்குக் கடலோடு பழகிய ஒரு தமிழ்ச்சொல் ஈடாக வாய்த்தது தற்செயல்தான், ஆனால் எனக்கு அதில் ஒரு நிறைவு.

ஷாட்கி சொன்ன வகைக்கு ஆங்கிலத்தில் ‘ஷாட் நாய்ஸ்’ என்று பெயர். ‘ஒரு ஷாட் எடுத்தேன்’ என்பதில் வரும் ஷாட் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவல்ல. அவருடைய ஜெர்மன் சொல் ‘ஷ்ரோட்’; கரகரப்பாக உடைத்த தானியத்துக்கும் துப்பாக்கியில் இடும் சிறு ஈயக் குண்டுகளுக்கும் அங்கே ஒரே பெயர். நம் ‘ரவை’க்கும் இதே இரண்டு பொருள்கள் உண்டு! ‘ரவை இரைச்சல்’ என்றால் மூலத்துக்கு ஆங்கிலத்தைவிட நெருக்கமாகவே வருகிறது. ஒளி தொடர்ந்த ஓடையாக விழுவதில்லை, ரவை ரவையாக விழுகிறது. உணரியின் ஒரு புள்ளியில் (பிக்சலில்) சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழுமென்றால், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 10 கூடியோ குறைந்தோ விழும். பத்து விழுக்காடு ஆட்டம். 10,000 விழுந்தால் ஆட்டம் 100 மட்டுமே, ஒரு விழுக்காடு. நிழற்பகுதிகள் பொரிந்து தெரிவதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் ‘நெடுநேரம் திறந்து வைத்தால் நாய்ஸ் கூடும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். ஒளி அதிகம் சேரச் சேர ரவை இரைச்சலின் பங்கு குறையத்தான் செய்யும். கூடுவது வேறொன்று. உணரியில் ஒளியே படாவிட்டாலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் விடுபட்டுக்கொண்டே இருக்கும். இதை ‘டார்க் கரன்ட்’ என்பார்கள், தமிழில் ‘இருள் மின்னோட்டம்’ எனலாம். வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் உயரும்போதெல்லாம் இது இரட்டிப்பாகும். ஹபிள் தொலைநோக்கியில் உள்ள அகன்ற புலக் கேமராவின் சிசிடி உணரிகளை −83 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்து வைத்திருப்பது இதனால்தான். உணரியின் எல்லாப் புள்ளிகளும் ஒரேபோலக் கசிவதில்லை. சில புள்ளிகள் மிகுதியாகக் கசிந்து சிவப்பு, பச்சை, நீலப் பொட்டுகளாகத் தெரியும். இவற்றைத்தான் ‘ஹாட் பிக்சல்’ என்கிறோம்.

இனி ‘ரிடக்‌ஷன்’. எல்லாக் குழப்பமும் இங்கேதான். கேமராவின் மெனுவில் இரண்டு ‘நாய்ஸ் ரிடக்‌ஷன்’கள் இருக்கும். இரண்டையும் ‘குறைப்பு’ என்று பெயர்த்தால் இரண்டும் ஒரே வேலை செய்வதாகத் தோன்றும். உயர் ஐஎஸ்ஓவுக்கானது (ஐஎஸ்ஓ என்பது ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனின் அளவு) பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துச் சமப்படுத்துகிறது; இரைச்சலோடு முடி, இலை, துணியின் இழை எல்லாம் கூர்மை இழக்கின்றன. இதற்கு ‘மழுக்கல்’தான் நேர்மையான சொல். உணரி தந்த தரவைச் சேமிக்கும் ரா கோப்பை இது பொதுவாகத் தொடுவதில்லை. நெடுநேர ஒளியேற்புக்கானது செய்வதோ கழித்தல். ஷட்டரை மூடிக்கொண்டு, அதே நேர அளவுக்கு, கிட்டத்தட்ட அதே சூட்டில் இன்னொரு படம் எடுக்கிறது. ஒளியே இல்லாத அந்தப் படம் ‘இருட்படம்’. முதல் படத்திலிருந்து அதைப் புள்ளிக்குப் புள்ளி கழிக்கிறது. ரா கோப்பும் கழித்த பிறகுதான் எழுதப்படுகிறது. நாம் காத்திருந்த அந்த இரண்டாவது நான்கு நிமிடம் இதற்காகவே. ஆகவே ‘இருட்படக் கழிப்பு’ என்ற பெயரை முன்வைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இருட்படத்திலும் அதற்கே உரிய இரைச்சல் இருக்கிறது. கழித்தால் ஹாட் பிக்சல்கள் போகும், ஆனால் இருள் மின்னோட்டத்தின் ஒழுங்கில்லாத ஆட்டம் போகாது, ஏறத்தாழ 1.4 மடங்காகக் கூடவே செய்யும். வானியல் படம் எடுப்பவர்கள் இதனால்தான் கேமராவின் கழிப்பை அணைத்துவிட்டு, பல இருட்படங்களைத் தனியே எடுத்துச் சராசரியாக்கிப் பிறகு கழிக்கிறார்கள். 16 படங்களின் சராசரியில் இரைச்சல் நான்கில் ஒரு பங்காகிறது. நட்சத்திரத் தடம், அதாவது வானில் நட்சத்திரங்கள் நகரும் பாதையைக் கோடுகளாகப் படம் எடுப்பவர்களும் அணைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் கேமரா காத்திருக்கும் நேரமெல்லாம் தடத்தில் இடைவெளியாக விழும்.

இந்தச் சொற்களைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. லென்ஸ் மூடியைப் போடுங்கள், கண் வைத்துப் பார்க்கும் துளையையும் மூடுங்கள். கழிப்பை அணைத்துவிட்டு, ஐஎஸ்ஓ 1600-ல் நான்கு நிமிடம் வைத்து இரண்டு படங்கள் எடுங்கள். இரண்டையும் முழு அளவில் பெரிதாக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். இடம் மாறாமல் அப்படியே நிற்கும் நிறப்பொட்டுகள் ஹாட் பிக்சல்கள்; கழிப்பது அவற்றை. அவற்றுக்கு இடையில், படத்துக்குப் படம் இடம் மாறி மெல்லக் கொதித்துக்கொண்டிருப்பதுதான் இரைச்சல்.